டீசல் என்றொரு மனிதர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

இயற்பியல் மாணவர்களாகிய நாங்கள் பெயர்களோடு பழகியவர்கள். வாட், வோல்ட், ஆம்பியர், ஓம், நியூட்டன் என்று நாள்தோறும் கரும்பலகையில் எழுதப்படுபவை எல்லாம் ஒரு காலத்தில் உண்டு, உறங்கி, வாழ்ந்து மறைந்த மனிதர்களின் பெயர்களே. ஆனால் அப்பெயர்களைச் சொல்வோர் வகுப்பறைக்குள் இருப்பவர்கள்தாம். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத கோடிக்கணக்கான மக்கள் பொழுது விடிந்தது முதல் சொல்லிக்கொண்டிருக்கும் விஞ்ஞானியின் பெயர் ஒன்று உண்டு. லாரி ஓட்டுநர் சொல்கிறார்; கிணற்றுக்கு எஞ்சின் வைத்த விவசாயி சொல்கிறார்; விலை ஏறும்போதெல்லாம் பத்திரிகைகள் தலைப்பிலேயே சொல்கின்றன. அந்தப் பெயர்தான் டீசல்!

அது ஓர் எண்ணெயின் பெயர் என்றே பெரும்பாலோர் நினைக்கின்றனர். நினைப்பதில் வியப்பு ஒன்றுமில்லை. ருடால்ஃப் டீசல் என்ற அந்த மனிதர் 1913ஆம் ஆண்டு கடலில் மறைந்தார். உடல் கரைக்கு வரவில்லை, கல்லறையும் இல்லை. பெயர் மட்டும் உலகத்துச் சாலைகளில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவரைப் பற்றி நான் எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் ஆம்பூருக்கு அருகே நெடுஞ்சாலை ஓரத்து லாரிப் பட்டறை ஒன்றில் மெக்கானிக். அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் பிரிவில் ஓராண்டு பயின்று சான்றிதழ் பெற்றவர். அவருடைய சம்பளத்தில்தான் நான் கல்லூரிக்கு வருகிறேன். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, தம் சான்றிதழில் உள்ள டீசல் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று என்னைக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். ஆகவே எங்கள் தெருவுக்கே அகராதி, கலைக்களஞ்சியம், வங்கிப் படிவம் நிரப்புபவன் எல்லாம் நானே! மறுநாள் நூலகத்துக்குச் சென்று தேடினேன். ஒரு சொல்லின் பொருளைத் தேடப் போன எனக்கு ஒரு முழு வாழ்க்கை கிடைத்தது. அதுவும் ஒரு தோல் தொழிலாளியின் வீட்டில் தொடங்கிய வாழ்க்கை!

ஆம் நண்பர்களே, டீசலின் தந்தை தியோடர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரைச் சேர்ந்தவர். புத்தகங்களுக்கு அட்டை கட்டும் தொழில் கற்றவர். பிழைப்புத் தேடிப் பாரிஸ் நகரம் சென்று, அங்கே தோல் பொருள்கள் செய்யும் சிறு பட்டறை ஒன்றை நடத்தினார். அங்குதான் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் ருடால்ஃப் பிறந்தார். தந்தை செய்து முடித்த சரக்கைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பாரிஸ் தெருக்களில் வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பது சிறுவன் ருடால்ஃபின் வேலை. பள்ளிக்கூடம் ஒருபுறம், தள்ளுவண்டி ஒருபுறம்.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்களே கண்முன் வந்தன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுகிலும் தோல்தான் சோறு. 2019ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தோடு போயின. இராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் பிரிந்தாலும் வாடை பிரியவில்லை! உப்பிட்ட பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்று தெருவைக் கடந்தால், கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவோம். என் தந்தை தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கும் பிரிவில் இருபது ஆண்டுகள் உழைத்தவர். என் தாய் காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைப்பவர். சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை எங்கள் தெருச் சிறுவர்கள் இன்றும் அறிவார்கள்.

டீசலின் வாழ்க்கையில் முதல் இடி 1870இல் விழுந்தது. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் ஒரே நாளில் அந்நியர்களாயினர். பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அக்குடும்பம் இலண்டனுக்கு ஓடியது. இலண்டனிலோ வயிறு நிரம்பும் வருமானம் இல்லை. பன்னிரண்டு வயதுப் பையனை ஆக்ஸ்பர்க்கில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட முடிவு செய்தனர். பிறந்த நாட்டில் அந்நியன், புகுந்த நாட்டில் ஏழை, சொந்த நாட்டில் பிறர் வீட்டுப் பிள்ளை! பன்னிரண்டு வயதிற்குள் மூன்று நாடுகள். இதைச் சொல்லி இரக்கம் தேட நான் வரவில்லை. அந்த ஆக்ஸ்பர்க் வீட்டில்தான் அவருடைய நல்லூழ் காத்திருந்தது.

அந்த உறவினர் பார்னிக்கல் என்பவர், அவ்வூர்த் தொழிற்பள்ளியில் கணிதம் கற்பித்து வந்தார். ருடால்ஃப் அப்பள்ளியிலேயே சேர்க்கப்பட்டார். தொழிற்பள்ளி என்பதை இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெரிய இடத்துப் பிள்ளைகள் இலத்தீனும் கிரேக்கமும் படிக்கும் உயர்நிலைப் பள்ளி அன்று. கைத்தொழிலாளர்களின் மக்கள் வரைபடமும் கணிதமும் எந்திரத் தொழிலும் கற்கும் பள்ளி அது. பதினான்காம் வயதில், தாம் பொறியாளர் ஆக விரும்புவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். 1873இல் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். பின்னர் அதே நகரில் புதிதாகத் தொடங்கியிருந்த தொழிற்கல்விப் பள்ளியில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. மியூனிக் நகரத்துப் பல்தொழில்நுட்பக் கல்லூரி அவருக்கு உதவித்தொகையோடு இடம் தர முன்வந்தது.

இங்கேதான் வீட்டில் சிக்கல் எழுந்தது. பெற்றோர் வேண்டாம் என்றனர். படித்தது போதும், இனி வேலைக்குப் போய் நாலு காசு சம்பாதிக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். அவர்களை யாரும் குறை கூற முடியாது. போரில் தொழிலை இழந்து, ஊர் ஊராக அலைந்தவர்களுக்குப் பிள்ளையின் சம்பளம் எவ்வளவு பெரிய ஆறுதல்! ருடால்ஃப் பெற்றோரின் சொல்லை மீறி மியூனிக் சென்றார்.

எங்கள் வீட்டிலும் இந்த வழக்கு நடந்தது; இப்போதும் நடக்கிறது. அண்ணன் பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டில் வீட்டில் பணம் இல்லை. ஓராண்டுப் பயிற்சி, உடனே வேலை என்ற கணக்கில் அவர் தொழிற்பயிற்சி நிலையத்திற்குப் போனார். அவர் போனதால் நான் இங்கே வந்தேன். இப்போது தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டு, அண்ணன் படித்த அதே டீசல் மெக்கானிக் பிரிவில் சேரப்போவதாகச் சொல்கிறான். அப்பா ஒப்பவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு கறுத்த கை போதும் என்பது அவர் கட்சி. அவருடைய கைகள் சுண்ணாம்பில் வெந்தவை. ஆகையால் பிள்ளைகள் பேனா பிடிக்க வேண்டும் என்று அவர் நினைப்பதற்கு நியாயம் உண்டு. டீசலின் தந்தை பிள்ளையைப் பட்டறைக்கு இழுத்தார். என் தந்தை பிள்ளையைப் பட்டறையிலிருந்து இழுக்கிறார். அச்சம் என்னவோ இரண்டிலும் ஒன்றுதான். வீட்டில் படித்தவன் நான் என்பதால் தீர்ப்பு என்னிடம் கேட்கப்படுகிறது. டீசல் கதையை நான் ஊன்றிப் படித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மியூனிக்கில் டீசலுக்கு வாய்த்த ஆசிரியர் கார்ல் வான் லிண்டே. குளிரூட்டும் எந்திரங்களை உலகுக்குத் தந்த பேரறிஞர்களில் ஒருவர். வெப்ப இயக்கவியல் வகுப்பில் அவர், நீராவி எந்திரம் தனக்குக் கொடுக்கப்படும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட உருப்படியான வேலையாக மாற்றுவதில்லை என்பதை விளக்கினார். மீதி முழுவதும் புகையாகவும் சூடாகவும் வீணாகிறது. பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ 1824லேயே, ஒரு வெப்ப எந்திரம் எட்டக்கூடிய உச்சத் திறன் எவ்வளவு என்பதைக் கோட்பாடாகச் சொல்லியிருந்தார். நாம் இரண்டாம் ஆண்டில் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் அதே கார்னோ சுழற்சிதான்! இருபது வயது டீசல் மறக்கவில்லை. கார்னோ சொன்னதை இரும்பில் செய்து காட்ட முடியுமா என்று தம் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டார். அன்று தொடங்கிய வேட்கை அவரைப் பதினைந்து ஆண்டுகள் துரத்தியது.

1879இல் இறுதித் தேர்வு எழுதவேண்டிய வேளையில் டைஃபாய்டு காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். அடுத்த தேர்வுக்குப் பல மாதங்கள் இருந்தன. அந்த இடைவெளியில் அவர் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்த சுல்சர் எந்திரத் தொழிற்சாலைக்குச் சென்று தொழில் பழகினார். பிறகு 1880 ஜனவரியில் தேர்வு எழுதி, மிக உயர்ந்த சிறப்போடு தேறினார். பட்டத்தின் வாசலில் நின்ற முதல் மாணவர், இடையில் எந்திரத் தொழிற்சாலையில் கைவேலை பழகப் போனதை நம் ஆசிரியப் பெருமக்கள் கவனிக்க வேண்டுகிறேன். நம் செய்முறைத் தேர்வில் திருகுமானியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் நாங்கள் படும் பாட்டை அவர்கள்தாம் அறிவார்களே!

நம் தமிழ்நாட்டிலும் இப்படி நூலையும் கையையும் சேர்த்துக் கட்டப் பாடுபட்ட ஒருவர் உண்டு. அவர் கோவை ஜி. டி. நாயுடு. 1893இல் கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதை அக்கக்காகப் பிரித்துப் பூட்டித் தொழில் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கி, யு.எம்.எஸ். என்னும் பெரும் நிறுவனமாக அதை வளர்த்தார். 1945இல் அவருடைய கொடையால் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. அவரே அதன் முதல்வரானார். நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டு ஆண்டுகளில் முடிக்கலாம், மீதிக் காலம் வீண் என்று வாதாடினார், அரசு இணங்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். அக்கல்லூரியே பின்னாளில் கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. அவர் சொன்ன இரண்டு ஆண்டுக் கணக்கு எனக்கு முழு உடன்பாடு இல்லை. டீசலுக்குக் கார்னோவைச் செரித்துக்கொள்ளவே பல ஆண்டுகள் ஆயினவே! ஆனால் பட்டறையைக் கல்லூரியின் கொல்லைப்புறத்தில் வைக்கக் கூடாது என்று அவர் கருதியதில் உண்மை இருக்கிறது. இதை இத்தோடு நிறுத்திக்கொண்டு டீசலிடம் திரும்புவோம்.

பட்டம் பெற்ற டீசல், லிண்டேயின் குளிர்சாதனத் தொழிலில் சேர்ந்து பாரிஸுக்கே திரும்பினார். பனிக்கட்டி ஆலை ஒன்றை அமைக்க உதவி, ஓராண்டில் அதன் பொறுப்பாளரானார். 1883இல் மார்த்தா என்னும் மங்கையை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். பகலில் பனிக்கட்டி, இரவில் நெருப்பு என்று சொல்லும்படி அவர் வாழ்க்கை நடந்தது. நீராவிக்குப் பதில் அம்மோனியா ஆவியைக் கொண்டு எந்திரம் ஓட்டிப் பார்த்தார். அது வெடித்து, உயிர் தப்பியதே பெரிதாகிப் பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தார். அதன்பிறகே அவர் கவனம் வெறும் காற்றின் மேல் திரும்பியது.

அவருடைய கருத்தை விளங்கிக்கொள்ள ஒரு சைக்கிள் பம்பு போதும். வேகமாகக் காற்றடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? அழுத்தப்படும் காற்று சூடேறுகிறது. வெப்பம் வெளியேற இடங்கொடாமல் காற்றை மிகக் கடுமையாக அழுத்தினால் அது 500 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கும். அப்போது அதற்குள் எண்ணெயைச் சிறு துளிகளாகப் பீய்ச்சினால், தீப்பொறி எதுவும் இல்லாமலே எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் எந்திரத்துக்கு ஸ்பார்க் பிளக் வேண்டும். டீசல் எந்திரத்துக்கு வேண்டாம். வேறுபாட்டின் வேர் இவ்வளவுதான். சொல்ல எளிது. அந்த அழுத்தத்தைத் தாங்கும் உருளையும், காற்றுக் கசியாத பிஸ்டனும், சரியான நொடியில் சரியான அளவு எண்ணெயை உள்ளே செலுத்தும் கருவியும் அன்று உலகில் எங்கும் இல்லை.

1893இல் அவர் காப்புரிமை பெற்று, தம் கோட்பாட்டை நூலாகவும் வெளியிட்டார். ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலையும் க்ரூப் நிறுவனமும் செலவை ஏற்க முன்வந்தன. தொழிற்பள்ளியில் படித்த அதே ஊருக்கு டீசல் சோதனை நடத்த வந்து சேர்ந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் முதல் எந்திரத்தில் எரிபொருள் செலுத்தப்பட்டது. பயங்கரமான வெடிச் சத்தம்! அழுத்தத்தை அளக்கும் கருவி தூள்தூளாகச் சிதறியது. எந்திரம் ஓடவில்லை. ஆனால் தீப்பொறி இல்லாமல் எண்ணெய் பற்றிக்கொள்கிறது என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. தோல்வி என்று மற்றவர் எழுதக்கூடிய நாளை அவர் வெற்றிக் கணக்கில் எழுதினார்.

அடுத்து நடந்த ஒரு நிகழ்ச்சி, என் அண்ணனுக்கு நான் சொன்னவற்றிலேயே அவருக்கு மிகவும் பிடித்தது. 1894 பிப்ரவரி 17. தொழிற்சாலையின் வேறு எந்திரம் ஒன்று பெல்ட் மூலம் டீசலின் எந்திரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. லிண்டர் என்ற மெக்கானிக் எந்திரத்தின் மேல் நின்று எண்ணெய்க் கட்டுப்பாட்டைக் கவனித்துக்கொண்டிருந்தார். திடீரென்று பெல்ட்டின் இழுப்பில் ஒரு மாற்றம். எந்திரம் இழுபடுவதை விட்டுவிட்டுத் தானே இழுக்கத் தொடங்கியிருந்தது! அதை முதலில் கண்டுகொண்டவர் லிண்டர். அவர் ஒரு சொல்லும் பேசாமல் தம் தொப்பியைக் கழற்றினார். சுமார் ஒரு நிமிடம், நிமிடத்திற்கு 88 சுற்றுகள் வீதம் அந்த எந்திரம் தன் சொந்தச் சக்தியால் ஓடியது. கோட்பாடு டீசலுடையது, அது உயிர்பெற்ற கணத்தை உணர்ந்த கண் ஒரு மெக்கானிக்கினுடையது. பெல்ட்டின் துடிப்பைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட முடியுமா என்று நான் ஐயப்பட்டேன். தூரத்தில் வரும் லாரியின் சத்தத்தைக் கேட்டே எந்த நாசில் அடைத்திருக்கிறது என்று சொல்லும் ஆட்கள் எங்கள் பட்டறையில் இருக்கிறார்கள் என்று அண்ணன் சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மேலும் மூன்று ஆண்டுகள் திருத்தம், மறுதிருத்தம். காகிதத்தில் போட்ட கணக்கில் சில, இரும்பில் ஏறவில்லை. கார்னோவின் சுழற்சியை அப்படியே நிறைவேற்றுவது இயலாது என்று கண்டு, டீசல் தம் கோட்பாட்டையே மாற்றிக்கொண்டார். 1897 பிப்ரவரி 17ஆம் நாள் மியூனிக் பேராசிரியர் ஷ்ரோட்டர் எந்திரத்தை முறைப்படி சோதித்தார். திறன் 26.2 விழுக்காடு! அன்றைய சாதாரண நீராவி எந்திரங்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு. இன்றைய கனரக லாரி எந்திரங்கள் 40 விழுக்காட்டைத் தாண்டுகின்றன என்றால், அந்த ஓட்டத்தின் தொடக்கக் கோடு இதுவே.

புகழும் பணமும் வெள்ளம்போல் வந்தன. அமெரிக்க உரிமையைச் செயின்ட் லூயிஸ் நகரத்து மதுபான அதிபர் அடால்பஸ் புஷ் வாங்கினார். மியூனிக்கில் மாளிகை எழும்பியது. முதலில் விற்கப்பட்ட எந்திரங்களுள் ஒன்று 1898இல் கெம்ப்டன் நகரத்துத் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போனது. தீக்குச்சி இல்லாமல் தீ மூட்டும் எந்திரத்தை வாங்கியது தீப்பெட்டிக்காரர்கள்! நம் குடியாத்தத்து நண்பர்கள் இதை இரசிப்பார்கள். ஆனால் அந்த எந்திரம் அடிக்கடி மக்கர் செய்தது. சோதனைச் சாலையில் தேர்ந்த பொறியாளர்கள் சுற்றி நிற்க ஓடியது, வெளியூரில் பழுது பார்க்க ஆள் இல்லாமல் நின்றது. எந்திரத்தைச் செய்துவிட்டார்கள், அதைப் பேணத் தெரிந்த கைகளை இன்னும் பயிற்றவில்லை. காப்புரிமை வழக்குகளும் சேர்ந்துகொண்டன. டீசலின் உடலும் மனமும் தளர்ந்து சில மாதங்கள் மருத்துவ ஓய்வில் இருக்க நேர்ந்தது.

1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு சிறிய டீசல் எந்திரம் வேர்க்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. வடாற்காட்டில் மல்லாக்கொட்டை என்கிறோமே, அதே கடலைதான்! ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளையும் கடலையைக் கொண்டே அங்கு எந்திரங்களை ஓட்டலாமா என்று பிரெஞ்சு அரசு பார்க்க விரும்பியதால் இச்சோதனை நடந்தது. செடிகளின் எண்ணெய் ஒருநாள் பெரும் எரிபொருளாகும் என்று டீசல் பின்னாளில் எழுதினார். இன்று பயோடீசல் என்று பேசப்படுவதன் பாட்டன் இந்தக் கடலை எண்ணெய்.

பலர் அறியாத இன்னொரு டீசலும் உண்டு. தம் எந்திரம் பெரிய முதலாளிகளின் நீராவி ஆலைகளுக்கு எதிராகச் சிறு கைத்தொழிலாளிக்குத் துணை நிற்கும் என்று அவர் தொடக்கத்தில் கனவு கண்டார். தந்தையின் தோல் பட்டறையை அவர் மறந்திருக்க மாட்டார் என்று நான் எண்ணிக்கொள்கிறேன். 1903இல் அவர் சாலிடாரிசம் என்ற பெயரில் ஒரு நூல் எழுதினார். தொழிலாளர்கள் சிறு சிறு தொகைகளாகச் சேமித்துப் பொதுநிதி திரட்டித் தொழிற்சாலைகளுக்குத் தாங்களே உடைமையாளர்கள் ஆகவேண்டும் என்பது அதன் சாரம். அதை வாங்கிப் படிப்பார் இல்லை. அவருடைய எந்திரமோ வளர்ந்து வளர்ந்து கப்பலுக்குப் போயிற்று. 1912இல் டென்மார்க்கின் செலாண்டியா என்னும் பெருங்கப்பல் புகைபோக்கி இல்லாமல் டீசல் எந்திரத்தால் கடல் கடந்தது. நீர்மூழ்கிகளுக்கும் அதுவே எந்திரம் ஆயிற்று. சிறு தொழிலாளிக்காக நினைத்தது, போர்க்கப்பல் கட்டுவோர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

எந்திரத்தில் காட்டிய கூர்மையை அவர் பணத்தில் காட்டவில்லை. நில வியாபாரத்திலும் பிற முதலீடுகளிலும் பெருந்தொகை கரைந்தது. வெளியே கோடீசுவரர் என்ற பெயர், உள்ளே கடன். 1913 செப்டம்பர் 29ஆம் நாள் மாலை, இலண்டனில் ஒரு கூட்டத்திற்காக ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். நண்பர்களோடு உணவருந்தினார். இரவு பத்து மணியளவில், காலை 6.15க்குத் தம்மை எழுப்பும்படி சொல்லிவிட்டு அறைக்குச் சென்றார். காலையில் அறை காலியாக இருந்தது. படுக்கை கலையவில்லை; இரவு உடை மடித்தபடி இருந்தது. மேல்தளக் கம்பியோரம் அவருடைய தொப்பியும் மேலங்கியும் கிடந்தன. பத்து நாள்கள் கழித்து டச்சுப் படகு ஒன்று அடையாளம் தெரியாத உடலைக் கண்டது. சட்டைப்பையிலிருந்த சில பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டனர். அப்பொருள்கள் தம் தந்தையுடையவை என்று மகன் யூஜென் அடையாளம் காட்டினார். பயணத்துக்கு முன், ஒரு வாரம் கழித்தே திறக்க வேண்டும் என்று மனைவியிடம் அவர் கொடுத்திருந்த பையில் ரொக்கப் பணமும் கடன் நிலையைக் காட்டும் தாள்களும் இருந்தன. எண்ணெய் முதலாளிகள் கொன்றார்கள், உளவாளிகள் தள்ளினார்கள் என்றெல்லாம் கதைகள் இன்றும் உலவுகின்றன. கதைகளைவிட அந்தப் பை எனக்கு அதிகம் சொல்கிறது. அப்போது அவருக்கு வயது 55.

அவர் வெற்றியோடு ஓடும் ஒரு டீசல் லாரியைக்கூடக் கண்ணால் காணவில்லை! வண்டிக்கேற்ற சிறு எந்திரத்துக்கு அவர் முயன்றது உண்டு, அது தேறவில்லை. அழுத்தக் காற்றின் துணையால் எண்ணெயைப் பீய்ச்சிய அவருடைய முறைக்குப் பெரிய காற்றழுத்தி தேவைப்பட்டது. அந்தப் பளுவைத் தூக்கிக்கொண்டு எந்த வண்டியும் ஓடாது. அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 1923-24இல் பென்ஸ், எம்.ஏ.என். நிறுவனங்கள் டீசல் லாரியைச் சாலைக்குக் கொண்டுவந்தன. எம்.ஏ.என். என்பது அந்த ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையின் வழித்தோன்றலே. 1927இல் போஷ் நிறுவனத்தின் எரிபொருள் பம்பு தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கியபின் லாரி யுகம் பிறந்தது. நம் நாட்டில் 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டாவும் டெய்ம்லர் பென்சும் சேர்ந்து லாரி செய்தன. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று.

அந்த லாரிகளின் பேரப்பிள்ளைகள்தாம் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவு பகலாக நம் ஊர்களைக் கடக்கின்றன. அண்ணனின் பட்டறைக்கு ஒரு விடுமுறை நாளில் போயிருந்தேன். நாசிலைச் சோதிக்கும் கருவியில் பொருத்திக் கைப்பிடியை அழுத்திக் காட்டினார். எண்ணெய் பனிப்புகைபோல் சிதறினால் நாசில் நல்லது. தாரையாக ஒழுகினால் கெட்டது. அந்தப் பீய்ச்சலின் முன் விரலை நீட்டக் கூடாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்று என் கையைத் தட்டிவிட்டார். டீசலைப் பல ஆண்டுகள் வாட்டிய சிக்கல் முழுவதும் அந்தச் சிறு துளையில் இருந்தது. எரிபொருள் குழாயில் காற்றுப் புகுந்தால் எவ்வளவு வலிய லாரியும் நின்றுவிடும். பம்பின் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கையால் அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். அழுத்தினால் காற்று சுருங்கும், எண்ணெய் சுருங்காது என்று நாம் படிக்கும் பாடத்தை அங்கே பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் விரல் நுனியில் செய்துகொண்டிருந்தான்.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்தபின் அந்தப் பட்டறைகளிலும் காலம் மாறிவிட்டது. எண்ணெய் செலுத்துவதைக் கணினி பார்த்துக்கொள்கிறது. உணரிகள், புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல், பழுதைக் கண்டறிய ஸ்கேனர். காதால் கேட்டுப் பழுது சொன்ன மூத்தவர்கள் இந்தப் புதிய லாரிகளின் முன் திகைக்கின்றனர். ஸ்கேனர் ஆங்கிலத்தில் காட்டும் குறியீட்டு எண்ணைப் படம் எடுத்து அண்ணன் எனக்கு அனுப்புகிறார். நான் பொருள் தேடிச் சொல்கிறேன். எந்தக் கம்பி, எந்த உணரி என்று அவர் கண்டுபிடிக்கிறார். இருவரில் ஒருவர் இல்லாவிட்டால் லாரி நகராது.

தம்பியின் வழக்குக்கு வருகிறேன். டீசல் மெக்கானிக் பயிற்சி, அதன்பின் தொழில் பழகுநராக ஓராண்டு, பிறகு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு டிப்ளமோ என்று தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். தொழிற்பள்ளியில் தொடங்கி ஆக்ஸ்பர்க்கும் மியூனிக்கும் போன தோல்காரர் மகனின் கதையையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பையனின் அப்பா கடைசியில் என்ன ஆனார் என்று மட்டும் கேட்டார். இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறோம். அப்பா சரி என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி.